ஆறு பென்ஸ் பேனை

என்னுடைய மைப்பேனையின் விலை 350 ரூபா. போன தவணையில் எங்கள் தமிழ் ஆசிரியை, ஒரு மாதத்துக்காவது எல்லோரும் ஊற்றுப்பேனையால் எழுதிப் பார்க்க வேண்டும், கையெழுத்துத் திருந்தும் என்று சொல்லியிருந்தார். வாப்பா அன்று பின்னேரமே கடைத்தெருவுக்குப் போய் ஒன்றை வாங்கி வந்தார். பெட்டியைத் திறந்ததும் என் முகம் சுருங்கிவிட்டது. பிளாஸ்டிக் உடல், உருக்கு நிப். என் பக்கத்தில் இருக்கும் தோழிக்கோ அவளுடைய மாமா வெளிநாட்டிலிருந்து தங்க நிறத்தில் நிப் வைத்த பேனை அனுப்பியிருந்தார். முதல் வாரம் முழுக்க நான் இடது கையால் பேனையை மறைத்துக்கொண்டுதான் எழுதினேன். இரண்டாவது வாரம் மறைக்க மறந்துபோனேன். அவ்வளவு சீராக எழுதியது அது. மை திட்டுத்திட்டாகக் கொட்டவில்லை, கொப்பித் தாளைக் கீறவும் இல்லை.

இவ்வளவு குறைந்த விலைக்கு இது எப்படி முடிகிறது என்ற கேள்வியோடு நூலகத்துக்குப் போனேன். அங்கேதான் சேர் ஜோசாயா மேசன் என்ற மனிதரைக் கண்டுகொண்டேன். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரோடு பிணைந்த பெயர். எனக்கு அன்றுதான் அறிமுகம்.

மேசன் 1795ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி கிட்டர்மின்ஸ்டர் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை கம்பளம் நெய்யும் தொழிலாளி. எட்டு வயதில் மேசன் தெருத்தெருவாகக் கேக் விற்றார். பிறகு பழமும் மரக்கறியும் விற்றார். செருப்புத் தைக்கப் பழகும்போது தானாகவே எழுதப் பழகினார். நம் வீட்டில் முதலாம் தரத்துப் பிள்ளை தன் பெயரை எழுதிக்காட்டினால் உம்மாமார் கொஞ்சிக் கொண்டாடுவார்கள். அந்தப் பையன் தோலுக்கும் ஊசிக்கும் நடுவில் எழுத்தைத் தேடிக்கொண்டான். தச்சு, கொல்லு, வெதுப்பகம், வீட்டுக்குச் சாயம் பூசுதல், கம்பள நெசவு என்று எதையும் விட்டுவைக்கவில்லை, எதுவும் நிலைக்கவுமில்லை. பேர்மிங்ஹாமுக்குப் போய்ச் சில்லறை உலோகச் சாமான் செய்யும் இடத்தில் வேலை பார்த்தார். 1824இல், திறப்புக் கோர்க்கிறோமே, அந்த இரட்டைச் சுற்று வளையங்களை இயந்திரத்தால் செய்யும் சொந்தத் தொழிலைத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் எழுத்து வாத்தின் இறகை நம்பியிருந்தது. கொஞ்சம் எழுதினால் முனை மழுங்கும், கத்தியால் சீவ வேண்டும். உருக்கில் செய்த பேனைகளும் இருந்தன. ஆனால் விறைப்பானவை, விலையும் கூட. 1829 அளவில் ஒருநாள் மேசன் ஒரு புத்தகக் கடையில் ஜேம்ஸ் பெரி என்ற இலண்டன் வணிகரின் உருக்குப் பேனைகளைக் கண்டார். ஒன்றை ஆறு பென்ஸ் கொடுத்து வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்ததில், இதைவிட நல்லதைத் தன்னால் செய்ய முடியும் என்று பட்டது. அன்றிரவே சில பேனைகளைச் செய்து, அவற்றில் சிறந்ததை இலண்டனுக்கு அனுப்பிவைத்தார். அதைப் பார்த்த பெரி தானே பேர்மிங்ஹாமுக்குப் புறப்பட்டு வந்தார். அன்று தொடங்கிய உறவு பல பத்தாண்டுகள் நீடித்தது.

நிப் செய்யும் முறையை வாசித்தபோதுதான் என் கேள்விக்கு விடை கிடைத்தது. மெல்லிய உருக்குத் தகட்டை அமிலத்தில் இட்டுச் சுத்தம் செய்து, இன்னும் மெல்லியதாக உருட்டுவார்கள். கையால் இயக்கும் அச்சு இயந்திரத்தில் வைத்து நிப்பின் வடிவத்தை வெட்டுவார்கள். வெட்டிய துண்டில் ஒரு சிறு துளை போடுவார்கள். அந்தத் துளைதான் நிப்புக்கு வளைந்துகொடுக்கும் தன்மையைத் தருகிறது. பிறகு சூடாக்கி மென்மையாக்கி, பேர் பொறித்து, வளைத்து, மறுபடியும் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் போட்டு இறுகச் செய்வார்கள். அப்படியே விட்டால் கண்ணாடிபோல உடைந்துவிடும். அதனால் இன்னொரு முறை இளஞ்சூடு காட்டி அந்த முறுக்கைத் தணிப்பார்கள். தேய்த்து, மினுக்கி, கடைசியாக நடுவில் ஒரு பிளவு. மை இறங்கும் வழி அதுதான். பிளவு ஒரு மயிரளவு விலகினாலும் நிப் வீண்.

இத்தனை படிகளைத் தாண்டியும் மலிவான நிப் ஒரு குரோசு, அதாவது 144, சில பென்ஸுக்கே கிடைக்கும் காலம் வந்தது. ஒவ்வொரு படியும் ஒரே அளவில், ஒரே அச்சில் நடந்ததால் ஆயிரமாவது நிப்பும் முதல் நிப்பைப் போலவே எழுதியது. சாயம் விற்பவனும் சலவைக்காரியும் பேனை வாங்கக்கூடியதாக ஆனது.

அந்த அச்சு இயந்திரங்களை இயக்கியவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். எங்கள் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். கூலி சொற்பம். வேலைநேரத்தில் பேசினால் தண்டப்பணம் வெட்டிய தொழிற்சாலைகளும் அந்த நகரில் இருந்தன. மேசனின் வாழ்க்கையை எழுதியவர்கள் அவருடைய கெட்டித்தனத்தைப் பக்கம் பக்கமாகப் புகழ்கிறார்கள். விலை குறைந்ததற்கு அந்தப் பெண்களின் கூலியும் ஒரு காரணம் என்பதை நான் வாசித்தவர்கள் ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கு அது உறுத்தியது.

இன்னொரு வேடிக்கை. இங்கிலாந்திலேயே அதிகமாகப் பேனை செய்தவர் மேசன்; ஆனால் அவருடைய நிப்களில் பெரும்பாலும் பெரியின் பெயர்தான் பொறிக்கப்பட்டிருந்தது. எழுதியவர்களுக்கு மேசன் யாரென்றே தெரியாது. அவர் அதைப் பெரிதுபடுத்தியதாகவும் தெரியவில்லை.

எல்கிங்டன் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து மின்முலாம் பூசும் தொழிலையும் அவர் நடத்தினார். இதை வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோழியின் நிப்பை வாங்கிப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ஓரத்தில் தங்க நிறம் தேய்ந்த இடத்தில் என்னுடையதைப் போலவே உருக்கு தெரிந்தது. மேலே பூசிய தங்கத்திலும் கீழே இருந்த உருக்கிலும் ஒரே மனிதருக்குப் பங்கிருக்கிறது! இன்றைய ஊற்றுப்பேனை நிப் பெரும்பாலும் துருப்பிடிக்காத உருக்கு. முனையில் தேயாத கடின உலோகத்தில் ஒரு பொட்டு உண்டு. அவை பின்னால் வந்த மாற்றங்கள். துளையும் பிளவும் பழையவைதான்.

மேசனுக்குப் பிள்ளைகள் இல்லை. பாடசாலைப் படிப்புக் கிடைக்காத குறை முதுமையிலும் அவரை வாட்டியது. 1860இல் எர்டிங்டனில் ஓர் அநாதை இல்லத்தைக் கட்டத் தொடங்கினார்; அதற்கு ஏறத்தாழ 3 இலட்சம் பவுண் செலவிட்டார். 1872இல் சேர் பட்டம் கிடைத்தது. பிறகு விஞ்ஞானக் கல்லூரி ஒன்றை நிறுவினார். அது 1880 ஒக்டோபரில் திறக்கப்பட்டபோது அவருக்கு வயது 85. ஆண்களோடு பெண்களும் அங்கே சேர்ந்து படிக்கலாம். அந்த நிப் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்களின் மகள்மார் யாராவது அந்தப் படிகளில் ஏறினார்களா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அடுத்த ஆண்டு ஜூன் 16ஆம் திகதி மேசன் காலமானார். 1900இல் அந்தக் கல்லூரியிலிருந்து பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் உருவானது.

இந்தக் கட்டுரையை அதே 350 ரூபாப் பேனையால்தான் எழுதினேன். வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, மை தீர்ந்துவிட்டதா, புதுப் போத்தல் வாங்க வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.