ஹெலன் டௌசிக்

ஹெலன் புரூக் டௌசிக் (மே 24, 1898 – மே 20, 1986) அமெரிக்காவைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் ஆவார். குழந்தைகள் இதயவியல் என்னும் மருத்துவத் துறையைத் தோற்றுவித்தவராகக் கருதப்படுகிறார். பிறவி இதயக் குறைபாட்டால் உடல் நீலம் பாரித்து இறந்துகொண்டிருந்த குழந்தைகளைக் காத்த அறுவை மருத்துவத்திற்கு வித்திட்டவர் இவர். கோயம்புத்தூருடன் தொடர்புடைய இதயநோய் மருத்துவர் எஸ். பத்மாவதி இவரிடம் பயிற்சி பெற்றவர்.

இளமையும் கல்வியும்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை ஃபிராங்க் டௌசிக் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர். ஹெலனுக்கு 11 வயதானபோது தாயார் காசநோயால் காலமானார். சிறுவயதில் எழுத்துகளை வாசிப்பதில் இவருக்கு இருந்த இடர்ப்பாட்டைத் தந்தையின் உதவியுடன் வென்றார். 1921இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் ஹார்வர்டு பெண்களுக்கு மருத்துவப் பட்டம் வழங்கவில்லை. ஆகவே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1927இல் பட்டம் பெற்றார்.

மருத்துவப் பணி

1930இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் குழந்தைகள் இதயநோய்ப் பிரிவுக்குத் தலைவரானார். இக்காலத்தில் இவரது செவித்திறன் குறைந்துகொண்டே வந்தது. இதய ஒலியைக் கேட்க இயலாத நிலையில், குழந்தையின் மார்பில் கைவைத்துத் துடிப்பின் அதிர்வை உணர்ந்து நோயறியப் பழகினார். பேசுவோரின் உதட்டசைவைக் கொண்டு பேச்சைப் புரிந்துகொண்டார்.

நீலக் குழந்தைகளுக்கு நுரையீரலுக்குச் செல்லும் குருதிப் பாதை குறுகியிருக்கும். அதனால் போதிய ஆக்சிசன் பெறாத குருதி உடலெங்கும் பாய்கிறது. கருவில் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் சிறு குழாய், பிறந்தபின் இயல்பாக மூடிக்கொள்ளும். அது மூடாதிருக்கும் நீலக் குழந்தைகள் சற்று நலமாக இருப்பதை டௌசிக் கவனித்தார். அத்தகைய இணைப்பைச் செயற்கையாக உருவாக்கலாம் என்பதே இவரது கருத்து.

அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக் இதனை ஏற்றார். கல்லூரிப் படிப்பற்ற கறுப்பின ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ் நாய்களில் சோதித்து வழிமுறையை உருவாக்கினார். நவம்பர் 29, 1944 அன்று 15 மாதப் பெண் குழந்தைக்கு முதல் அறுவை நடைபெற்றது. அக்குழந்தை சில மாதங்களே உயிர்வாழ்ந்தது. எனினும் அடுத்தடுத்த அறுவைகள் வெற்றி பெற்று, உலகின் பல பகுதிகளிலிருந்தும் குழந்தைகள் அழைத்துவரப்பட்டனர். பிறவி இதயக் குறைபாடுகள் பற்றிய இவரது நூல் 1947இல் வெளிவந்தது.

கோயம்புத்தூர்த் தொடர்பு

1917இல் பர்மாவில் பிறந்த பத்மாவதி, இரங்கூனில் மருத்துவம் பயின்றவர். 1942இல் சப்பானியப் படையெடுப்பின்போது அங்கிருந்து வெளியேறி, தாயுடனும் சகோதரிகளுடனும் கோயம்புத்தூரை வந்தடைந்தார். பின்னர் வெளிநாட்டில் உயர்கல்வி கற்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டௌசிக்கிடம் பயின்றார். 1953இல் இந்தியா திரும்பி, தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். இந்தியாவின் முதல் பெண் இதயநோய் வல்லுநராக அறியப்பட்ட இவர் 2020இல் தமது 103ஆம் அகவையில் காலமானார்.

பிற்காலம்

1962இல் டௌசிக் செருமனி சென்று, தாலிடோமைடு மருந்தால் உறுப்புக் குறையுடன் பிறந்த குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்தார். அம்மருந்தின் தீங்கை அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் எடுத்துரைத்தார். 1964இல் அமெரிக்க அதிபரின் விடுதலைப் பதக்கம் பெற்றார். 1965இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1986இல் பென்சில்வேனியாவில் சாலை விபத்தில் உயிரிழந்தார்.

பிளாலாக்–டௌசிக் இணைப்பு என வழங்கிவந்த அவ்வறுவையின் பெயரில் தாமசின் பெயரும் பின்னர் சேர்க்கப்பட்டது.