தாய்நாட்டில் தங்காத குடும்பம்

சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் காட்பாடி செல்லும் ரெயிலில் என்றைக்கு ஏறினாலும், மடியில் எக்ஸ்ரே உறையும் மருந்துச் சீட்டுப் பையுமாகச் சிலராவது உட்கார்ந்திருப்பார்கள். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அவர்கள். அந்த ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர் டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அதே அம்மையார் இளம்வயதில் இந்தியாவே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தவர். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாத கதை.

ஸ்கட்டர் குடும்பம் அமெரிக்காவிலிருந்து வந்த பாதிரிக் குடும்பம். ஐடாவின் தாத்தா டாக்டர் ஜான் ஸ்கட்டர், நியூயார்க் நகரில் நல்ல வருமானத்தோடு வைத்தியம் பார்த்து வந்தவர். 1819-ல் அதை விட்டுவிட்டு, மனைவியுடன் பாய்க்கப்பலில் இலங்கைக்குப் புறப்பட்டார். யாழ்ப்பாணத்தை அடுத்த பண்டத்தரிப்பில் பல ஆண்டுகள் பணிபுரிந்த பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள் ஏழு பேரும் இந்தியாவில் மிஷன் பணிக்கே வந்தார்கள்.

மூத்தவர் ஹென்றி மார்ட்டின் ஸ்கட்டர். இவரும் தம்பிமாரும் சேர்ந்து 1853-ல் தொடங்கியதுதான் அமெரிக்கன் ஆற்காடு மிஷன். வேலூரைப் போலவே நம் சித்தூரும் அந்த மிஷனின் ஆரம்ப கால நிலையங்களில் ஒன்று. 1911-ல் தனி ஜில்லா பிரியும் வரை சித்தூர்தான் வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகராக இருந்தது. திருப்பதியும் சந்திரகிரியும் அந்த ஜில்லாவில்தான் இருந்தன. ஆகவே ஸ்கட்டர்கள் நமக்கு அசலூர்க்காரர்கள் அல்ல.

ஏழு பேரில் கடைசிப் பிள்ளையின் பெயரும் ஜான்தான். அவருடைய மனைவி சோபியா. இவர்களுக்கு ஐந்து ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு, 1870 டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தவள் ஐடா. அவளுக்கு ஆறு வயது ஆகும்போது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பங்களா வாசலில் எலும்பும் தோலுமாகக் கூடிய பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தவள் அந்தச் சிறுமி. பசியால் கையைக்கூட உயர்த்த முடியாத குழந்தைகளின் வாயில் அவளே ஊட்ட வேண்டியிருந்தது. அந்தக் காட்சி கடைசி வரை அவள் மனதை விட்டு அகலவில்லை.

பஞ்ச காலத்து அலைச்சலில் ஜானின் உடல்நிலை சீர்கெட்டது. 1878-ல் குடும்பத்தோடு அமெரிக்கா திரும்பினார்கள். திரும்பினார்கள் என்று சொல்வது பெற்றோருக்குத்தான் பொருந்தும். ராணிப்பேட்டையில் பிறந்து, எட்டு வயதுவரை வேப்ப மரத்தையும் மாட்டு வண்டியையும் பார்த்து வளர்ந்த ஐடாவுக்கு அது புது தேசம்.

அவர்கள் குடியேறிய இடம் நெப்ராஸ்கா மாநிலத்தில், கிரெஸ்டன் என்ற ஊரை ஒட்டிய ஒரு பண்ணை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி. கோடையில் மக்காச்சோளம், குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பனி. மிஷன் பங்களாவில் சமையற்காரர், தோட்டக்காரர் என்று ஆள் உண்டு. பண்ணையிலோ வீட்டு வேலையும் வயல் வேலையும் வீட்டார் தலையில்தான். பிரசங்கமும் வைத்தியமுமாக இருந்தவர், நடு வயதைத் தாண்டிய பிறகு விவசாயி ஆவது லேசான காரியமா?

பிள்ளைகளுக்கு மட்டும் பண்ணை பிடித்துப்போயிற்று. பசித்த முகமே கண்ணில் படாத ஊர் என்பதே ஐடாவுக்குப் பெரிய ஆறுதல். அவள் அமெரிக்கப் பெண்ணாகவே வளரத் தொடங்கினாள்.

தகப்பனார் கதை வேறு. உடம்பு தேறத் தேற, பண்ணை அவருக்குக் கசந்தது. சொந்த நாடு, சொந்த மொழி, சொந்த நிலம் எல்லாம் இருந்தும் அவர் மனம் ஆற்காட்டுப் பக்கமே இருந்தது. 1880-களின் தொடக்கத்தில் குடும்பத்தை அங்கேயே விட்டுவிட்டு அவர் மட்டும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். சில காலத்துக்குள் தாயாரும் கணவரைப் பின்தொடர்ந்தார். ஐடாவைச் சிகாகோவில் பெரியப்பா ஹென்றி மார்ட்டின் வீட்டில் விட்டுப் போனார்கள். அம்மா புறப்பட்டுப் போன அன்று, அம்மா படுத்திருந்த தலையணையில் முகம் புதைத்து ஐடா இரவெல்லாம் அழுதாள் என்று சொல்வதுண்டு.

இது கல்நெஞ்சக்காரர்களின் செயல் அல்ல. அந்தக் காலத்து மிஷனரிகள் இந்தியாவின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பயந்தும், படிப்பைக் கருதியும் பிள்ளைகளை அமெரிக்காவில் விட்டு வைப்பது வழக்கமாகவே இருந்தது. பெரியப்பா ஹென்றி மார்ட்டினே 1822-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சுமார் பத்து வயதில் அப்படி அனுப்பப்பட்டவர்தான். ஆனால் வழக்கம் என்று சொல்லிவிட்டால் குழந்தையின் அழுகை நின்றுவிடுமா? தாயைப் பறித்துக்கொண்ட தேசம் என்று இந்தியாவின் மேல் ஐடாவுக்கு வெறுப்பு மூண்டது.

பெரியப்பாவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. தமிழிலும் தெலுங்கிலும் சரளமாகப் பேசிய அவர், உடல்நலம் கெட்டு 1864-ல் அமெரிக்கா திரும்பியவர். சான்பிரான்சிஸ்கோ, புரூக்ளின், சிகாகோ என்று பெரிய பெரிய சபைகளில் போதகராகப் புகழ் பெற்றார். தம்பியைப் போல அல்லாமல் இவர் தாய்நாட்டில் வேரூன்றிவிட்டார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவரும் 1887-ல், 65 வயதில், மிஷன் பணிக்கென்று ஜப்பானுக்குப் புறப்பட்டுவிட்டார்! ஐடா மறுபடியும் வீடு இல்லாதவள் ஆனாள்.

பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மூடி பிரசங்கியார் நடத்திய நார்த்பீல்டு பெண்கள் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே குறும்புக்குப் பேர் போனவள். மிஷன் பேச்சை எடுத்தாலே அவளுக்குப் பிடிக்காது. அமெரிக்காவிலேயே கலியாணம் செய்துகொண்டு, ஒரு வீட்டை விட்டு நகராமல் வாழ வேண்டும் என்பதுதான் அவள் கண்ட கனவு.

1890-ல் திண்டிவனத்திலிருந்து செய்தி வந்தது. தாயாருக்கு உடம்பு சரியில்லை. கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது என்று ஐடா வந்தார்.

அங்கேதான் அந்த இரவு வந்தது. முதலில் ஒரு பிராமண வாலிபர் வந்தார். மனைவிக்குப் பிரசவ வேதனை, உயிருக்கு ஆபத்து. ஐடா வைத்தியம் படித்தவர் அல்ல. வைத்தியரான தகப்பனாரை அழைத்துப் போகச் சொன்னார். பிற ஆடவர் முகத்தில் விழிக்க வழக்கம் இடம் கொடுக்காது என்று வாலிபர் போய்விட்டார். அடுத்து ஒரு முஸ்லிம் வந்தார். அதன் பிறகு இன்னொரு இந்து. மூவருக்கும் வீட்டில் அதே ஆபத்து, மூவரிடமிருந்தும் அதே பதில். பொழுது விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

தகப்பனார் அங்கே இருந்தும், வைத்தியம் தெரிந்திருந்தும் பயன் இல்லை. தேவைப்பட்டவர் ஒரு பெண் டாக்டர். அப்படி ஒருவர் சுற்றுவட்டாரத்தில் இல்லை. ஐடா பெற்றோரிடம் தம் முடிவைத் தெரிவித்தார். அமெரிக்காவுக்குப் போவது நிச்சயம், ஆனால் குடியிருக்க அல்ல, டாக்டருக்குப் படித்துவிட்டு வர.

1895-ல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க் கார்னெல் கல்லூரியில் 1899-ல் பட்டம் பெற்றார். கப்பல் ஏறுமுன், மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக ஆஸ்பத்திரி கட்ட ஒரு பாங்க் அதிபர் 10,000 டாலர் கொடுத்தார்.

1900-ம் ஆண்டு தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். மகள் டாக்டராக வந்து நின்றதைப் பார்த்த தகப்பனார் அதே ஆண்டு மே மாதம் காலமானார். துணைக்கு மூத்த டாக்டர் இல்லாமல், பங்களாவின் ஓர் அறையில் வைத்தியத்தைத் தொடங்கினார் மகள். 1902-ல் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1909-ல் நர்சுப் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. அதே ஆண்டு ஒரு பீஜோ கார் வந்தது. அதில் குடியாத்தம் ரஸ்தாவில் மரத்தடிக்கு மரத்தடி நிறுத்தி வைத்தியம் பார்ப்பார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1922-ல் முதல் அணியில் 14 பேர் தேறினார்கள். திண்டிவனத்து இரவுக்கு அவர் சொன்ன பதில் அந்தப் பதினான்கு பேர் என்றால் மிகை இல்லை. பள்ளி பின்னாளில் கல்லூரியாகி, 1947-ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. இன்று சித்தூரை அடுத்த குடிபாலாவிலும் அதற்கு ஒரு கிளை ஆஸ்பத்திரி உண்டு.

இத்தனை ஆண்டுகளில் அம்மையார் அமெரிக்காவுக்குப் பல தடவை போனார். ஊர் ஊராகப் பேசி ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டினார், திரட்டியதும் திரும்பினார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. முன்பு தம்மைப் பிரிந்து போன தாயாரைத் தம்முடனேயே வேலூரில் வைத்துக் காப்பாற்றினார்.

1946-ல் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற மிஷனரிகள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த நாட்டுக்குக் கிளம்புவது சகஜம். அம்மையாருக்கு அந்த எண்ணம் இல்லை. கோடைக்கானல் மலையில் ஏற்கெனவே ஒரு வீடு வைத்திருந்தார். அங்கே போய்ச் செடி கொடி வளர்த்துக்கொண்டு இருந்தார். 1960-ம் ஆண்டு மே 24-ந் தேதி அந்த வீட்டிலேயே உயிர் பிரிந்தது. அப்போது வயது 89.