டாக்டர் ஸ்டான்டனும் சேற்றுக் கிருமியும்

கெடா மாநிலத்துச் சேற்றிலும் வாய்க்கால் நீரிலும் பதுங்கியிருந்து மனிதரைத் தாக்கும் ஒரு கொடிய வியாதிக்குப் பெயர் சூட்டியவர், கனடாவில் பிறந்த வைத்தியர் ஒருவர். லூனாஸ் வாசகர்களில் பலர் அவரை அறிந்திருக்க மாட்டார்கள்.

ஸர் ஆம்புரோஸ் தாமஸ் ஸ்டான்டன் 1875-ஆம் ஆண்டில் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தார். டொரன்டோவில் வைத்தியம் கற்று, 1907-ல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். அங்கே டாக்டர் ஹென்றி பிரேசருடன் சேர்ந்து, பெரிபெரி நோய்க்குத் தீட்டிய வெள்ளையரிசியே காரணம் என்பதை நிலைநாட்டினார். ஒருவரின் புகழுக்கு அதுவே போதும். நாம் சொல்ல வந்தது வேறு.

1913-ல் அந்நிலையத்தில் வளர்த்த முயல்களும் சீமைப்பெருச்சாளிகளும் காரணம் தெரியாமல் மடியத் தொடங்கின. அவற்றின் உடலில் கண்ட கிருமி, ஈராண்டுகளுக்கு முன் ரங்கூனில் மார்பியா ஊசிக்கு அடிமைப்பட்ட ஏழைகளின் சடலங்களில் டாக்டர் விட்மோரும் அவருடைய உதவி வைத்தியர் கிருஷ்ணசாமியும் கண்ட அதே கிருமி. (கிருஷ்ணசாமியின் பெயரை இன்று சொல்வோர் குறைவு.) ஸ்டான்டனும் அவருடைய தோழர் வில்லியம் பிளெட்சரும் 1921-ல் இந்நோயை விவரித்து, கழுதை நோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து மெலியோய்டோசிஸ் என்று பெயரிட்டனர். 1932-ல் விரிவான நூலும் வெளியிட்டனர்.

ஒன்றில் அவர்கள் தவறினர். எலிகளே இதைப் பரப்புவதாக எண்ணினர். ஸ்டான்டன் 1938-ல் காலமானார். கிருமியின் சொந்த வீடு மண்ணும் தேங்கிய நீருமே என்பது பின்னரே தெளிவாயிற்று. 1960-களில் மலேசிய நெல்வயல்களின் நீரிலேயே அது ஏராளமாக அகப்பட்டது. காலில் உள்ள சிறு வெட்டுக்காயம் அதற்குப் போதிய வாசல். ஆடும் மாடும் தப்புவதில்லை.

உள்ளே புகுந்தபின் அது செய்யும் சூழ்ச்சியே விந்தை. நோய்க்கிருமியை விழுங்கி அழிப்பது வெள்ளணுவின் தொழில். இதுவோ, விழுங்கப்பட்டதும் தன்னை அடைத்த பையைக் கிழித்து வெளிவந்து, அந்த அணுவுக்குள்ளேயே பெருகுகிறது. பிறகு அணுவின் உள்நார்களைத் தனக்கு வாலாக்கி உந்திச் சென்று, அடுத்த அணுவைத் தன் அணுவோடு ஒட்டவைத்து நுழைகிறது. தெருவுக்கே வராமல் வீட்டுக்கு வீடு சுவரைத் துளைத்துப் போகும் கள்வனை எந்தக் காவற்காரன் பிடிப்பான்? இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவில் ஜப்பானியரிடம் கைதியாயிருந்த அமெரிக்கர் ஒருவருக்கு, 62 ஆண்டுகள் கழித்து இந்நோய் வெளிப்பட்டது!

அலோர் ஸ்டார் வட்டாரத்தில் 2005 முதல் 2008 வரை 145 பேரிடம் இது உறுதியாயிற்று. பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவுக்காரர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மாண்டனர். நுரையீரலைப் பற்றினால் காசநோய் போலவே தோன்றி வைத்தியரையும் ஏமாற்றும். பென்சிலின் இதனிடம் பலிக்காது. ஸ்டான்டன் காலத்தில் மருந்தே இல்லை. இன்று செப்டாஸிடைம் போன்ற ஊசி குறைந்தது பத்து நாள், அதன்பின் மூன்று மாதம் மாத்திரை. காய்ச்சல் நின்றதும் மாத்திரையைக் கைவிட்டவர்களிடம், பதுங்கியிருந்த கிருமி மீண்டும் தலைதூக்கியிருக்கிறது.