கொடுக்க நீ யார்?

உரிமைகளில் இருவகை உண்டு. ஆள்வோர் மனமிரங்கிக் கொடுப்பது ஒன்று. எவரும் கொடுக்காமலே ஒரு மக்களிடம் முன்பிருந்தே இருப்பது மற்றொன்று. முன்னதைக் கொடுத்தவனே திரும்பப் பிடுங்கிக்கொள்ளலாம். பின்னதைப் பிடுங்கினால் அதற்குப் பெயர் திருட்டு! இந்த வேறுபாட்டை உலக நாடுகளின் வாசலில் நின்று எடுத்துரைத்து, அந்தப் போராட்டத்திலேயே உயிர்விட்ட ஓர் உழவரின் வரலாற்றைத் தோழர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

அவர் பெயர் லீவை ஜெனரல். படைத்தலைவரோ என்று எண்ணிவிட வேண்டாம், அது குடும்பப் பெயர்தான். 1873-இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், கிராண்ட் ஆற்றங்கரையில் பிறந்தவர். செவ்விந்தியர் என்று வெள்ளையர் பெயரிட்டழைத்த பூர்வகுடி மக்களில் காயுகா இனத்தவர். இளமையில் காட்டிலே மரம் வெட்டும் கூலியாள். விபத்தில் சிக்கி ஊர் திரும்பியவர் ஏர் பிடித்தார். 1917-இல் அவருடைய இனம் டெஸ்காஹே என்ற பரம்பரைத் தலைமைப் பட்டத்தை அவருக்குச் சூட்டியது. அப்பெயரிலேயே வரலாறு அவரை அறியும்.

அவர் இடம்பெற்ற சபை சாமான்யமானதல்ல. மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, காயுகா, செனெகா என ஐந்து இனங்கள் கூடி அமைத்த கூட்டாட்சி அது. 18-ஆம் நூற்றாண்டில் டஸ்கரோரா இனமும் சேர்ந்து ஆறாயிற்று. தலைவர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் குலத்தின் மூத்த தாய்மார்கள். தலைவன் தவறினால் பட்டத்தைப் பறிப்பவர்களும் அவர்களே.

அமெரிக்கச் சுதந்திரப் போரில் இம்மக்களில் பெரும் பகுதியினர் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்று போரிட்டுத் தாய்மண்ணை இழந்தனர். அதற்கு ஈடாக 1784-இல் கவர்னர் ஹால்டிமண்ட், கிராண்ட் ஆற்றின் இருகரையிலும் ஆறு மைல் அகல நிலத்தை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தார். இன்று அதில் எஞ்சியிருப்பது சுமார் இருபதில் ஒரு பங்கு!

நிலம் போனது போதாதென்று ஆட்சியையும் பறிக்கத் துணிந்தது கனடா சர்க்கார். 1876-இல் இந்தியர் சட்டம் வந்தது. தனிநாட்டாராக உடன்படிக்கை செய்தவர்களை அந்தச் சட்டம் மைனர் பிள்ளைகளாக்கி, சர்க்காரைக் கார்டியனாக்கியது. அந்த இலாகாவின் தலைமை அதிகாரி டங்கன் கேம்ப்பெல் ஸ்காட், கவிஞர் என்றும் பெயரெடுத்தவர். 1920-இல் அவர் முன்னின்று கொண்டுவந்த திருத்தம், பூர்வகுடி ஒருவரின் சம்மதமில்லாமலே அவரது பூர்வகுடி அந்தஸ்தை நீக்கிவிட வழிசெய்தது. இனமே இல்லாமற் போனால் இனத்தின் உரிமையைக் கேட்பது யார்? இதுதான் திட்டம்.

1921-இல் டெஸ்காஹே தம் மக்களின் சபை வழங்கிய கடவுச்சீட்டுடன் லண்டன் சென்றார். மன்னருக்கு மனுக் கொடுத்தார். அது கனடாவின் விவகாரம் என்று கைகழுவியது பிரிட்டன். திருடனைப் பற்றிய புகாரைத் திருடனிடமே அனுப்புவதா நீதி?

1923-இல் ஜெனீவா சென்றார். சிறிய நாடுகளுக்கும் நீதி உண்டு என்று முழங்கிய சர்வதேச சங்கம் அங்கேதான் இருந்தது. நெதர்லாந்து அவரது மனுவைச் சங்கத்திடம் சேர்ப்பித்தது. அயர்லாந்து, எஸ்டோனியா, பனாமா, பாரசீகம் ஆகிய நான்கும் விசாரணை கோரின. நான்கும் வல்லரசுகளின் பிடியை அனுபவித்தறிந்த நாடுகள். ஆனால் பிரிட்டன் கண்ணை உருட்டியது. உள்நாட்டு விவகாரம் என்ற பூட்டு விழுந்தது. ஓராண்டுக்கும் மேலாக அந்த ஊரிலேயே தங்கிக் கதவைத் தட்டினார் டெஸ்காஹே. கதவு திறக்கவில்லை.

அவர் அங்கே தட்டிக்கொண்டிருந்தபோதே, இங்கே வீட்டை இடித்தார்கள். 1924 அக்டோபர் 7-ஆம் நாள், ஓஷ்வீகன் சபை மண்டபத்தில், போலீசார் உடனிருக்க, பழைய சபை கலைக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. சபையின் ஆவணங்களாகிய சிப்பிமணிப் பட்டைகளும் கைப்பற்றப்பட்டன. அதே மாதம் சர்க்கார் வகுத்த முறைப்படி தேர்தல். வாக்களித்தோர் மிகச் சிலரே.

தேர்தல் ஜனநாயகம்தானே, அதை ஏன் எதிர்க்க வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் உட்பட அம்மக்களிலேயே சிலர் தேர்தலைக் கேட்டதுண்டு. அவர்களையெல்லாம் துரோகிகள் என்று நாம் தூற்றமாட்டோம். பழைய முறை மாற வேண்டுமா என்பது அம்மக்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. ஒட்டாவாவில் உத்தரவெழுதிப் போலீசை அனுப்பி நிறுவுவது எந்த ஜனநாயகம்? அந்தப் புதிய தேர்தலில் பெண்களுக்கு வாக்கே கிடையாது! தலைவர்களை ஆக்கவும் நீக்கவும் அதிகாரம் பெற்றிருந்த தாய்மார்கள், 1951-இல் சட்டம் திருத்தப்படும் வரை இத்தேர்தல்களில் ஓட்டுப்போட முடியவில்லை.

மனமுடைந்தும் மண்டியிடவில்லை டெஸ்காஹே. 1925 மார்ச்சில், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகர வானொலியில் தம் மக்களின் வழக்கைச் சாதாரண ஜனங்களிடம் வைத்தார். ஏற்கெனவே நோய் அவரைப் பற்றியிருந்தது. ஜூன் 27-இல், எல்லைக்கப்பால், டஸ்கரோரா நண்பர் கிளின்டன் ரிக்கார்டின் வீட்டில் கண்மூடினார். உடல்தான் கிராண்ட் ஆற்றங்கரைக்குத் திரும்பியது.

அவர் மறைந்தும் ஆட்சியாளருக்கு அச்சம் தீரவில்லை. 1927-இல் மற்றொரு திருத்தம்: பூர்வகுடிகளின் உரிமை வழக்குக்காக அனுமதியின்றி நிதி திரட்டுவது குற்றம்! ஓரணா இரண்டணாவாகச் சந்தா சேர்த்து இயக்கம் வளர்ப்பது என்றால் என்னவென்று அறிந்த தொழிலாளத் தோழர்களுக்கு இதன் கொடுமையை நாம் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தடையும் 1951 வரை நீடித்தது.

காலம் சுழன்றது. 1982-இல் கனடாவின் அரசியல் சட்டம், 35-ஆம் பிரிவில், பூர்வகுடிகளின் உரிமைகளை ஏற்றது. 1995-இல் மத்திய சர்க்கார், தன்னாட்சி அம்மக்களுக்கு இயல்பாகவே உள்ள உரிமை, எவரும் வழங்கியதல்ல என்று தன் கொள்கையாகவே வெளியிட்டது. எழுபதாண்டுகளுக்கு முன் டெஸ்காஹே சொன்னதும் அதுதானே!

ஆனால் ஏமாந்துவிடக்கூடாது. அதே கொள்கை, இது சர்வதேச முறையிலான இறையாண்மை அல்ல என்றும், கனடாவின் அரசியல் சட்டத்துக்குள் பேசியே முடிவு காண வேண்டும் என்றும் வேலி போட்டது. 2007-இல் ஐக்கிய நாடுகள் சபை பூர்வகுடி உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது எதிர்த்து வாக்களித்த நாடுகள் நான்கே. அதில் கனடாவும் ஒன்று. 2021-இல்தான் அப்பிரகடனத்தைச் செயற்படுத்தச் சட்டம் செய்தது.

கிராண்ட் ஆற்றங்கரையிலோ 1924-இல் கலைக்கப்பட்ட பரம்பரைச் சபை கலையவே இல்லை. சர்க்கார் ஏற்படுத்திய சபை ஒருபுறம் இருக்க, அதுவும் இன்றளவும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. உத்தரவால் பிறந்திருந்தால் உத்தரவால் இறந்திருக்கும். டெஸ்காஹே ஜெனீவாவிலே நிரூபிக்க முடியாததை, அவருடைய மக்கள் நூறாண்டுகளாகத் தங்கள் மண்ணிலே நிரூபித்து வருகிறார்கள்.