குடலுக்குள் கிடைத்த விடை: சம்புநாத் டே

நுழையும் முன்

நோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடிப்பது ஒரு வெற்றி. அக்கிருமி மனித உடலில் என்ன செய்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது மற்றொரு வெற்றி. காலராவைப் பொறுத்தவரை இவ்விரண்டு வெற்றிகளுக்கும் இடையே எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. இரண்டாவது வெற்றியைத் தேடித் தந்தவர் கொல்கத்தாவில் பணியாற்றிய இந்திய மருத்துவ அறிஞர் ஒருவர். அவருடைய வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஊரைக் காலி செய்த நோய்

தமிழ்நாட்டில் முதியோர் வாந்திபேதி என்று அஞ்சிய நோயே காலரா. 1817-ஆம் ஆண்டு வங்காளத்தில் பெருகிய இந்நோய், வணிகக் கப்பல்களோடும் படைகளோடும் பயணம் செய்து கண்டம் விட்டுக் கண்டம் பரவியது. காலையில் நலமாக இருந்தவர் மாலைக்குள் மடிவதும் உண்டு. அரிசி களைந்த நீர் போன்ற கழிச்சல் இடைவிடாது வெளியேறும். கண்கள் குழிவிழும், தோல் சுருங்கும், நாடி தளரும். உடலிலுள்ள நீரும் உப்பும் வற்றிப்போவதே இறப்புக்குக் காரணமாகும்.

மக்கள் நெருக்கமாகக் கூடிவாழும் இடங்களில் இந்நோய்க்கு வேகம் மிகுதி. திருவிழா நடைபெறும் ஊர்களும், தேயிலைத் தோட்டங்களும், சுரங்கக் குடியிருப்புகளும் எப்போதும் அச்சத்தோடே இருந்தன. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலார் தங்கவயலில் சுரங்கப் பணியைத் தொடங்கியது. அதன்பின் வடஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர். மாரிகுப்பம் போன்ற இடங்களில் வரிசை வரிசையாக அமைந்த சிறு வீடுகளில் அவர்கள் வாழ்ந்தனர். பலருக்கும் பொதுவான நீர்நிலை ஒன்று மாசுபட்டால், அதனைப் பயன்படுத்தும் அனைவருக்கும் தீங்கு நேரும். ஆகவே பாலாற்று நீரைத் தேக்கும் பேத்தமங்கலா ஏரியிலிருந்து தங்கவயலுக்குக் குழாய் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. பூமிக்கடியில் பொன்னைத் தேடியவர்களுக்கு, பூமிக்கு மேலே தூய நீர் பொன்னினும் அரிதாக இருந்தது.

விடை கிடைக்காத வினா

செருமானிய அறிஞர் இராபர்ட் காக் 1883-ஆம் ஆண்டின் இறுதியில் கொல்கத்தாவுக்கு வந்தார். நோயாளிகளின் குடலிலும் அவர்கள் பயன்படுத்திய குளத்து நீரிலும் காற்புள்ளி போல் வளைந்த பாக்டீரியாவைக் கண்டார். 1884-இல் அதுவே காலராவின் காரணம் என்று அறிவித்தார். அக்கிருமி ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கக்கூடும் என்றும் அவர் கருதினார். ஆனால் அதனை மெய்ப்பிக்க அவரால் இயலவில்லை. காரணம், வளர்ந்த விலங்குகளுக்கு அக்கிருமியை ஊட்டினாலும் அவற்றுக்கு மனிதருக்கு வருவதுபோல் காலரா வருவதில்லை.

பின்வந்த அறிஞர் பலர் வேறு வழியில் சிந்தித்தனர். நஞ்சு கிருமியின் உடலுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது; கிருமி இறந்து சிதையும்போது அது வெளிப்பட்டுக் குருதியில் கலக்கிறது என்று நம்பினர். விலங்குகளின் இரத்தக் குழாயிலும் வயிற்றறையிலும் கிருமியைச் செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் இறந்தன, ஆனால் காலராவின் அடையாளமான நீர்க்கழிச்சல் தோன்றவில்லை. வினா அப்படியே நின்றது.

சிற்றூரிலிருந்து இலண்டன் வரை

சம்புநாத் டே 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் வங்காளத்தின் ஊக்ளி மாவட்டத்திலுள்ள கரிபாட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். வசதி குறைந்த குடும்பம். எனினும் கல்வியில் அவர் காட்டிய ஊக்கம் அவருக்கு உதவித்தொகையைப் பெற்றுத் தந்தது. ஊக்ளி மொஹ்சின் கல்லூரியில் பயின்று, பின்னர்க் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1939-இல் மருத்துவப் பட்டமும், 1942-இல் வெப்பமண்டல மருத்துவத்தில் பட்டயமும் பெற்றார்.

மருத்துவராகப் பொருள் ஈட்டும் வழி அவருக்குத் திறந்தே இருந்தது. அவர் மனமோ நோய்களின் காரணத்தை ஆராய்வதில் நிலைத்திருந்தது. இலண்டன் சென்று, பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவப் பள்ளியில் ராய் கேமரன் என்னும் புகழ்பெற்ற நோய்க்குறியியல் அறிஞரிடம் ஆய்வு செய்தார். 1949-இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கு அவர் ஆராய்ந்த பொருள் காலரா அன்று. ஆயினும் தாயகம் திரும்பியதும், தம் மண்ணின் மக்களை ஆண்டுதோறும் வாட்டிய காலராவையே ஆய்வுப் பொருளாகத் தேர்ந்தெடுத்தார். கொல்கத்தாவின் நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியிலும், 1955 முதல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார். கற்பிக்கும் கடமைக்கிடையே கிடைத்த நேரமும், குறைந்த கருவிகளுமே அவருடைய ஆய்வுக்கு மூலதனமாயின.

எளிய சோதனை, பெரிய உண்மை

டே வினாவை வேறு விதமாக அணுகினார். நோய் நிகழும் இடம் சிறுகுடல். எனவே சோதனையும் சிறுகுடலுக்குள்ளேயே நிகழ வேண்டும் என்று கருதினார். முயலை மயக்கமுறச் செய்து, அதன் சிறுகுடலின் ஒரு சிறு பகுதியை இரு முனையிலும் நூலால் கட்டினார். அந்த மூடிய பகுதிக்குள் காலராக் கிருமி வளர்ந்த நீர்மத்தை ஊசி வழியே செலுத்தினார். ஒப்பிடுவதற்காகக் கிருமியற்ற நீர்மத்தை வேறொரு பகுதியில் செலுத்தினார். மறுநாள் பார்த்தபோது, கிருமி செலுத்தப்பட்ட பகுதி நீர் நிறைந்து வீங்கியிருந்தது. மற்றொன்று மாற்றமின்றி இருந்தது. குடலில் நிறைந்த நீர், காலரா நோயாளியின் கழிச்சலை ஒத்திருந்தது. 1953-இல் இம்முறையைத் தம் உடனாய்வாளருடன் இணைந்து வெளியிட்டார்.

அடுத்த படியே மிக முக்கியமானது. கிருமியை வளர்த்த நீர்மத்தை நுண்ணிய வடிகட்டியில் வடித்துக் கிருமிகள் அனைத்தையும் நீக்கினார். எஞ்சிய தெளிந்த நீர்மத்தில் உயிருள்ள கிருமி ஒன்றும் இல்லை. அதனைக் குடலில் செலுத்தியபோதும் நீர் பெருகியது! எனில், கிருமி உயிரோடிருக்கும்போதே ஒரு நஞ்சை வெளியே சுரக்கிறது. குடலில் நீரைப் பெருகச் செய்வது அந்நஞ்சே என்பது உறுதியாயிற்று. 1959-ஆம் ஆண்டு மே மாதம் நேச்சர் என்னும் அறிவியல் இதழில் இக்கண்டுபிடிப்பு வெளியானது. காக் எழுப்பிய ஐயத்துக்கு அவர் வந்து சென்ற அதே நகரத்திலேயே விடை கிடைத்தது.

உணவைக் காக்கும் அறிவு

டேயின் முறை காலராவோடு நின்றுவிடவில்லை. மனிதக் குடலில் இயல்பாக வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவைப் பெரும்பாலோர் தீங்கற்றதாகவே எண்ணினர். வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ. கோலை வகைகள் சில முயற்குடலில் நீரைப் பெருக்குவதை 1956-இல் டேயும் அவர் குழுவினரும் காட்டினர். மாசுபட்ட நீராலும் உணவாலும் குழந்தைகளுக்கும் பயணிகளுக்கும் வரும் வயிற்றுப்போக்குக்கு இத்தகைய வகைகள் முக்கியக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பெருங்கலங்களில் சமைத்து வெதுவெதுப்பாக நெடுநேரம் வைக்கப்படும் இறைச்சியில் பெருகும் கிருமியின் நஞ்சையும் பிற நாட்டு ஆய்வாளர்கள் இதே முறையால் ஆராய்ந்தனர்.

இவ்வாய்வுகள் அன்றாட வாழ்வுக்குப் பாடம் தருகின்றன. விடியற்காலையில் மாரிகுப்பத்தில் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருவுக்கு வேலைக்குச் செல்வோர், இருள் பிரியுமுன் சமைத்த உணவை நண்பகலில் உண்கின்றனர். 5 முதல் 60 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகும். சில வகைக் கிருமிகளின் நஞ்சு, உணவை மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே கைகளையும் கலங்களையும் தூய்மையாக வைத்தல், பச்சை இறைச்சியையும் சமைத்த உணவையும் பிரித்து வைத்தல், நன்கு வேகவைத்தல், ஏற்ற வெப்பநிலையில் வைத்தல், தூய நீரைப் பயன்படுத்துதல் ஆகிய ஐந்தையும் உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது.

நஞ்சு குடற்சுவரை அழிப்பதில்லை, அதன் செல்களை நீரும் உப்பும் வெளியேற்றத் தூண்டுகிறது என்பதைப் பின்வந்தோர் கண்டனர். குடற்சுவர் சர்க்கரையோடு சேர்ந்த உப்பையும் நீரையும் அப்போதும் உறிஞ்சும். 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது, பொன்காவ் அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலநபிசு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தார். அங்கு நூற்றுக்கு முப்பதாக இருந்த இறப்பு நான்குக்கும் குறைவாயிற்று.

தாமதமாக வந்த மதிப்பு

நஞ்சைத் தனியே தூய்மையாகப் பிரித்தெடுக்கும் விருப்பம் டேக்கு இருந்தது. அதற்கேற்ற கருவிகள் அவரிடம் இல்லை. 1969-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதனைச் செய்து முடித்தனர். டே 1973-இல் ஓய்வு பெற்றார். அவருடைய கட்டுரைகள் உலகெங்கும் எடுத்தாளப்பட்டன. ஆனால் அவர் வாழ்நாளில் இந்தியாவின் தேசிய அறிவியல் கழகம் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை.

1978-இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்கில் உரையாற்ற அவர் அழைக்கப்பட்டார். மறக்கப்பட்டுக் கிடந்த தம்மை அவ்வழைப்பே மீண்டும் வெளிக்கொணர்ந்தது என்னும் பொருளில் அவர் அங்குப் பேசினார். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், அப்பரிசுக்கு டேயின் பெயரைப் பரிந்துரைத்தார். பரிசு கிட்டவில்லை. 1985-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் டே மறைந்தார். 1990-இல் பெங்களூருவிலிருந்து வெளிவரும் கரண்ட் சயின்ஸ் இதழ் அவருக்கென்று சிறப்பிதழ் வெளியிட்டுச் சிறப்பித்தது.

விருதுகள் வராவிட்டாலும், அவர் கண்ட உண்மை உயிர்களைக் காத்துக்கொண்டே இருக்கிறது. இருக்கும் கருவியைக் கொண்டு, சரியான இடத்தில் சரியான வினாவை எழுப்பியவர் சம்புநாத் டே.

அருஞ்சொற்பொருள்

கழிச்சல் – வயிற்றுப்போக்கு
நீர்மம் – திரவம்
கலம் – பாத்திரம்
பட்டயம் – டிப்ளமோ
நோய்க்குறியியல் – நோயின் காரணத்தையும் விளைவையும் ஆராயும் துறை
பாகை – டிகிரி

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. இராபர்ட் காக் காலராக் கிருமியை எவ்விடங்களில் கண்டார்?
2. தங்கவயலுக்கு எந்த ஏரியிலிருந்து நீர் கொண்டுவரப்பட்டது?
3. டேயின் 1959-ஆம் ஆண்டுக் கட்டுரை எவ்விதழில் வெளியானது?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. கிருமியற்ற நீர்மத்தையும் டே குடலில் செலுத்திப் பார்த்தது ஏன்?
2. கிருமிகளை வடிகட்டி நீக்கிய பின்னும் நீர் பெருகியது எதனை மெய்ப்பித்தது?

இ. பிரித்து எழுதுக.
நீர்நிலை, சிற்றூர், நண்பகல், குடற்சுவர்

ஈ. கேட்டு எழுதுக.
உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், முற்காலத்தில் குடிநீர் எங்கிருந்து கிடைத்தது, அதனை எவ்வாறு தூய்மை செய்தனர் என்று கேட்டறிந்து பத்துத் தொடர்களில் எழுதுக.