ஹண்டி பேரின்பநாயகமும் வெறுமையான ஆசனங்களும்

எங்கள் மாணவியர் மன்றத்தில் இவ்வாண்டு நான் வகுப்புப் பிரதிநிதி. பிறருக்காகப் பேசுவதன் பொருளை எண்ணும்போதெல்லாம் நினைவில் வருபவர், கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராக விளங்கிய ஹண்டி பேரின்பநாயகம்.

1899இல் மானிப்பாயில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்த அவர், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்று, பின்னர் அங்கேயே ஆசிரியரானார். 1924இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னாளில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. 1927இல் மகாத்மா காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது அவ்வியக்கமே. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பறைத் தரையில் இருத்தப்பட்ட அக்காலத்தில், எல்லாருக்கும் சம ஆசனம் வேண்டுமென அது வாதாடியது.

டொனமூர் அரசியலமைப்பு பூரண சுயராச்சியம் தரவில்லையென்று, 1931ஆம் ஆண்டுத் தேர்தலை வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. கொள்கை வென்றது. ஆனால் 1934 வரை அரசாங்க சபையில் அத்தொகுதி மக்களுக்காகப் பேச ஆளில்லை. பிள்ளைகளுக்கு ஆசனம் கேட்டவர்களே சபையில் ஆசனங்களை வெறுமையாக விட்டார்கள். அது சரியா, தவறா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

1949 முதல் 1960 வரை அவர் கொக்குவிலில் அதிபராயிருந்தார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவரை இந்துக் கல்லூரி தலைவராக ஏற்றது, அவர்மீது ஊர் வைத்த நம்பிக்கைக்குச் சான்று. 1977இல் மறைந்தார்.

அவரது வாழ்விலிருந்து நான் கற்றது இது: வேண்டாமென்று எழுந்து செல்லவும் பிரதிநிதிக்கு உரிமையுண்டு. ஆயினும் அந்த ஆசனம் அவளுடையதன்று, அனுப்பியவர்களுடையது. எழுவதற்கு முன் அவர்களைக் கேட்க வேண்டும்.