போர்ட் நம்பர்களின் கணக்குப்பிள்ளை

போன லீவுல பண்ருட்டி வீட்டில், மாடிப்படிக்குக் கீழே கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு ஏற்றி சர்வராக்கினேன். மானிட்டர் கிடையாது. லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாத்தான் உள்ளே போகணும். 'சுடோ யூஎஃப்டபிள்யூ அலோ 22' அடிக்காமலே ஃபயர்வாலை எனேபிள் பண்ணிட்டேன். எச்சரிக்கை வந்துச்சு, படிக்காமல் 'ஒய்' தட்டினேன். அடுத்த முறை கனெக்ட் பண்ணப் பார்த்தால் கதவு சாத்தியாச்சு. அம்மா சீரியல் பார்த்துட்டிருந்த டிவியைக் கழட்டி மாட்டித்தான் சரிசெய்தேன். வாங்கிய திட்டு தனி.

அந்த 22 எங்கிருந்து வந்தது என்று தேடினப்போ கிடைத்தவர் ஜான் போஸ்டல்.

1943 ஆகஸ்ட் 6, கலிஃபோர்னியாவில் பிறந்தவர். இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969-ல் யூசிஎல்ஏ-வில் தொடங்கியபோது அங்கே மாணவர், நம்மள மாதிரி. எந்தச் சேவைக்கு எந்த எண் என்று யாராவது குறித்து வைக்கணுமே? அந்த வேலையை அவர் எடுத்துக்கிட்டார். நம்ம பலா மண்டியில கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பாரே, அப்படி. மெயிலுக்கு 25, டிஎன்எஸ்ஸுக்கு 53. அதுக்குத்தான் பிறகு ஐயானா என்று பெயர் வந்தது. நீண்ட தாடி, காலில் செருப்பு. கடைசிவரை அதே கோலம்தான்.

1995-ல் ஃபின்லாந்தின் டாட்டு யூலோனென் எஸ்எஸ்ஹெச் எழுதிவிட்டு, எஃப்டிபியின் 21-க்கும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவே காலியாக இருந்த 22-ஐக் கேட்டு மெயில் போட்டார். போஸ்டலோடு வேலை பார்த்த ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் மறுநாளே ஒதுக்கிக் கொடுத்துட்டார். ஃபீஸ் இல்லை, கமிட்டி இல்லை. நம்ம காலேஜில் போனஃபைடு வாங்கவே ஒரு வாரம்!

டிசிபி ஆவணத்தில் போஸ்டல் வைத்த விதி ஒன்று பிரபலம்: அனுப்புவதில் கறாராக இரு, வாங்குவதில் தாராளமாக இரு. அவர் பேசியது பாக்கெட்டின் வடிவத்தைப் பற்றித்தான். ஆனாலும் யூஎஃப்டபிள்யூவின் டீஃபால்ட்டைப் பாருங்க: வெளியே போவது எல்லாம் சரி, உள்ளே வருவது எதுவும் கூடாது. அப்படியே தலைகீழ். எல்லாரும் எல்லாரையும் தெரிஞ்சு வச்சிருந்த நெட்வொர்க் அவருடையது. 1988-ல் மோரிஸ் வார்ம் பரவியதோடு அந்தக் காலம் முடிஞ்சுது.

1998 ஜனவரியில் அவர் ஒரு மெயில் போட்டார். ரூட் சர்வர்களில் எட்டை நடத்தியவர்கள், அரசு ஒப்பந்தத்தில் இருந்த மூல சர்வரை விட்டுவிட்டு அவர் காட்டியதற்கு மாறினார்கள். அவர் சொன்னார் என்பது போதுமாக இருந்தது. அமெரிக்க அரசு அதிர்ந்து போய் நெருக்க, அதை ஒரு சோதனை என்று சொல்லித் திருப்பி மாற்றினார்.

அந்த வேலையை ஏற்க ஐகான் செப்டம்பரில் பதிவானது. அக்டோபர் 16-ல், இதய அறுவை சிகிச்சைக்குப் பின் போஸ்டல் இறந்தார். வயது 55.